குடும்பத்தோடு பேடல் போர்டு முதல் வகுப்பு: ரந்தாவில் என்னிடம் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

போன பள்ளி விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் போர்ட்டிக்சன் கடற்கரையில் இரண்டு இரவு தங்கினோம். நான், கணவர், 12 வயது மகள், 8 வயது மகன், 63 வயதாகும் என் அத்தை, அதாவது மாமியார். அதில் ஒரு காலையில் பேடல் போர்டு வகுப்புக்குப் போனோம். அந்தப் படங்களை வாட்சப்பில் பார்த்ததிலிருந்து கோயிலில், மார்க்கெட்டில், தமிழ்ப்பள்ளி வாசலில் என்று பார்க்கிற இடமெல்லாம் கேள்விதான். சுற்றிலும் செம்பனை சூழ்ந்த ஊர் நம் ரந்தாவ், ஆனால் கடல் கார் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள். அப்படியிருந்தும் நம்மில் பாதிப் பேர் முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த முதல் வகுப்புக்குப் பிறகு இன்னும் மூன்று தடவை போய்வந்துவிட்டோம், அதில் தெரிந்துகொண்டதும் இதில் இருக்கிறது.

பேடல் போர்டு என்றால் என்ன? கயாக் மாதிரியா, அலைச்சறுக்கு மாதிரியா?

பத்து பதினோரு அடி நீளமுள்ள ஒரு பலகை. அதன் மேல் நின்றுகொண்டு, ஒரு பக்கம் மட்டும் தட்டு வைத்த நீளத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போவது. கயாக்கில் உட்கார்ந்து போவீர்கள், இதில் நிற்பீர்கள். அலைச்சறுக்குக்கு அலை வேண்டும், இதற்கு அலை இல்லாமல் இருந்தால்தான் புதியவர்களுக்கு நல்லது. வேர் ஹவாயில். அங்கே வைக்கிக்கி கடற்கரையில் அலைச்சறுக்குப் பழக்கிக்கொடுத்தவர்கள் துடுப்போடு பலகையில் நின்று தங்கள் மாணவர்களைக் கவனித்திருக்கிறார்கள். 2000-க்குப் பிறகு லேர்ட் ஹாமில்டன் போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் கையிலெடுத்து உலகம் முழுக்கப் பரவியது.

வகுப்பில் பெரும்பாலும் காற்றடித்த பலகைதான் தருவார்கள். ‘காற்றடிச்ச பலகையா, வெடிச்சிடாதா?’ என்று அத்தை கேட்டார். வெடிக்காது. உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் மேல் துணியையும் கீழ்த் துணியையும் இழுத்துப் பிடித்திருக்கும். 12 முதல் 15 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்றடித்தால் மரப்பலகை போல விறைப்பாகிவிடும். விழுந்து இடித்துக்கொண்டால் வலி குறைவு, அதனால் பிள்ளைகளுக்கு இதுவே நல்லது.

எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. போகலாமா?

அதிகம் கேட்ட கேள்வி இதுதான், இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் ஆறும், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய குட்டையும்தான். அதில் போய்த் திரும்பி வராத பிள்ளைகளின் கதை ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசையிலும் இருந்தது. என் பாட்டி எங்களை ஆற்றுப் பக்கமே விடமாட்டார். அந்தப் பயம் எங்களை உயிரோடு வைத்திருந்தது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நீச்சலும் கற்றுக்கொள்ளாமல் தண்ணீர் பக்கமும் போகாமல் மூன்று தலைமுறை ஓடிவிட்டது. இப்போது நம் பிள்ளைகள் நண்பர்களோடு அருவிக்கும் கடலுக்கும் நம்மிடம் சொல்லாமலே போகிறார்கள். தெரியாமல் போவதைவிட நம் கண் முன்னால், லைஃப் ஜாக்கெட்டோடு, கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்கும்போது தண்ணீரைப் பழகட்டும் என்பதுதான் என் எண்ணம்.

சரி, பதிலுக்கு வருகிறேன். நீச்சல் தெரியாமல் முதல் வகுப்புக்குப் போகலாம், ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதலில், பதிவு செய்யும்போதே நீச்சல் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு ‘கொஞ்சம் தெரியும்’ என்று இழுப்பதுதான் ஆபத்து. அப்புறம் வகுப்பு முழுக்க நின்றால் நெஞ்சளவு வருகிற தண்ணீரில்தான் இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் அளவாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எல்லா வாரையும் மாட்டி இறுக்கியபின் யாராவது தோள் பக்கம் பிடித்து மேலே இழுக்கட்டும். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது பெரிது, வேறு கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கால் இடுக்கு வழியாக வரும் வார் இருக்கிற ஜாக்கெட் வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்று வந்துவிடும். கையில் மாட்டுகிற காற்றுப் பைகள் விளையாட்டுச் சாமான், அவற்றை நம்பாதீர்கள்.

முகத்தில் தண்ணீர் பட்டாலே மூச்சுத் திணறிப் பதறுகிறவர்கள் முந்தின நாள் தங்குமிடத்தின் நீச்சல் குளத்தில் கால்மணி நேரம் ஜாக்கெட்டோடு மிதந்து பாருங்கள். என் அத்தைக்கு அதைத்தான் செய்தோம். தண்ணீர் தன்னைத் தாங்குகிறது என்று அவர் முதல்முறை நம்பியது அந்தக் குளத்தில்தான், மறுநாள் கடலில் இறங்கியது சுலபமாகிவிட்டது.

பேடல் போர்டு வகுப்பு நீச்சல் வகுப்புக்கு ஈடாகாது. திரும்பி வந்ததும் பிள்ளைகளை நீச்சலுக்குச் சேர்த்துவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் போட்டாயிற்றே, காலில் அந்தக் கயிறு எதற்கு?

அதை லீஷ் என்பார்கள். உங்கள் கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் சுருள் கயிறு. கடலில் இது இல்லாமல் ஏறவே கூடாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் இரண்டாவது பயணத்தில் ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) பலகை மட்டும் வாடகைக்கு எடுத்தோம். லீஷ் அறுந்துவிட்டது, இன்றைக்குக் காற்று இல்லை, பரவாயில்லை என்றார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டோம். மகன் விழுந்தான், ஜாக்கெட் இருந்ததால் மிதந்தான், ஆனால் பலகை இலை போலக் காற்றில் நகர்ந்துகொண்டே போனது. என் கணவர் நடந்து, அப்புறம் நீந்தி, எட்டிப் பிடிக்க முடியாமல் திரும்பினார். பலகையைத் துரத்திக்கொண்டு ஆழத்துக்குப் போவதுதான் இதில் உயிர் போகிற வழி. லீஷ் இருந்தால் விழுந்தாலும் பலகை உங்களை விட்டுத் தூரம் போகாது. அந்தப் பலகையைவிடப் பெரிய மிதவை கடலில் உங்களுக்குக் கிடைக்காது, அதை விட்டுவிடாதீர்கள்.

ஓடுகிற ஆற்றில் மட்டும் கதை வேறு. கணுக்கால் கயிறு வேரிலோ கிளையிலோ சிக்கினால் தண்ணீர் உங்களைக் கீழே அமுக்கும். அங்கே இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழற்றுகிற வகை வேண்டும். முதல் வகுப்புக்கு ஆறு வேண்டாம்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

காலை. முடிந்தால் 8 மணிக்குத் தண்ணீரில் இருங்கள், 10 மணிக்குக் கரையில் இருங்கள். வெயில் ஒரு காரணம், காற்று அதைவிடப் பெரிய காரணம். நம் ஆட்கள் கடலுக்குப் போனால் அலையைத்தான் பார்ப்பார்கள். மலாக்கா நீரிணையில் அலை பெரும்பாலும் சிறியது, அதனால் ‘கடல் அமைதியா இருக்கு’ என்று முடிவு கட்டிவிடுவோம். நிற்கிற மனிதர் பாய்மரம் மாதிரி என்பதை மறந்துவிடுகிறோம். உங்கள் உடம்பு மொத்தமும் காற்றை வாங்கும்.

கரையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். காற்று முகத்தில் அடித்தால் அது உங்களைக் கரைக்குத் தள்ளும். எரிச்சலாக இருக்கும், ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். காற்று முதுகில் அடித்தால் அது உங்களைக் கடலுக்குள் இழுத்துப் போகும். இந்த முதுகுக் காற்று பொல்லாதது. கரையோரம் மரமும் கட்டடமும் மறைப்பதால் அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும், கொஞ்சம் வெளியே போனதும்தான் அதன் பலம் தெரியும். முதுகில் காற்று நன்றாகவே படுகிறது என்றால் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பணம் போனாலும் பரவாயில்லை.

அடுத்து இடி மின்னல். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும் சுமத்ரா பக்கமிருந்து வருகிற புயல்வரிசை நம் மேற்குக் கரையை விடியற்காலையிலோ காலையிலோ தாக்கும். மேற்கே வானத்தில் கறுப்பாக ஒரு கோடு எழும்பி வருவதைப் பார்த்தால் ஐந்து நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள், காற்று திடீரென்று அடிக்கும். பிற்பகல் இடிமழை தனி. இடி காதில் விழுந்தால் எல்லோரும் கரை ஏறிக் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடிச்சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப இறங்கக் கூடாது. புறப்படும் முன் வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியை ஒரு தடவை பாருங்கள்.

கடலின் ஏற்ற இறக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் கூடுதலாக இருக்கும், அதற்கு வீட்டில் தொங்குகிற நாள்காட்டியே போதும். நன்றாக வற்றிய நேரத்தில் போனால் சேறும் கல்லும்தான் வெளியே தெரியும். பலகைக்கு அடியில் மீனின் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஃபின் தரையில் தட்டும், தட்டியதும் பலகை நிற்கும், நீங்கள் முன்னால் போய் விழுவீர்கள்.

ஆண்டுக் கடைசியில் கிழக்குக் கரைக்குப் போகிறோம், அங்கே பழகலாமா?

வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் காலம். ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகள் பக்கம் தங்குமிடங்களே பெரும்பாலும் மூடியிருக்கும். அந்த மாதங்களில் மேற்குக் கரையோ ஏரியோதான்.

போர்ட்டிக்சனில் எந்தப் பக்கம்?

கடையின் பெயர் சொல்லமாட்டேன், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன். ஜெட் ஸ்கியும் வாழைப்பழப் படகும் ஓடுகிற இடத்திலிருந்து விலகி, மிதவை கட்டித் தனியாகப் பிரித்த பகுதி இருக்க வேண்டும். தெலுக் கெமாங் மாதிரி கூட்டமான கடற்கரையில் சனி ஞாயிறு இது கஷ்டம், வாரநாளில் போங்கள். தஞ்சோங் துவான் முனையை ஒட்டிய குடாப் பக்கம் காற்றுக்கு மறைப்பு கொஞ்சம் கிடைக்கும், ஆனால் பாறை இருக்கிறது, அதனால் பாறையிலிருந்து தள்ளியே பழகுங்கள்.

ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். லிங்கி ஆற்றில் முதலை உண்டு, நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அதை மதித்து நடங்கள்.

கடலே பயமாக இருந்தால் ஏரியில் தொடங்கலாம். புத்ராஜெயா ஏரி மாதிரி அமைதியான தண்ணீரில் அலையும் இல்லை, ஏற்ற இறக்கமும் இல்லை. ஆனால் விளிம்பை விட்டு நகர்ந்தால் ஆழம் என்பதால் நீச்சல் தெரியாதவர்களுக்கு நெஞ்சளவுக் கடல்தான் எனக்கு நிம்மதி.

கற்றுக்கொடுப்பவரிடம் முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும்?

ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர், தண்ணீரில் அவரும் இறங்குவாரா கரையில் நின்று கத்துவாரா, லைஃப் ஜாக்கெட் பிள்ளைகள் அளவில் இருக்கிறதா, எல்லாப் பலகைக்கும் லீஷ் உண்டா, காற்று மோசமானால் தேதி மாற்றித் தருவீர்களா, யாராவது தூரம் போய்விட்டால் மீட்க என்ன படகு வைத்திருக்கிறீர்கள். இவ்வளவும் கேளுங்கள். நன்றாக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள், சலித்துக்கொள்கிறவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். பன்னாட்டு அலைச்சறுக்குச் சங்கம் பேடல் போர்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிறது, அந்த மாதிரிச் சான்றிதழோ உயிர்காப்புப் பயிற்சியோ இருக்கிறதா என்றும் கேட்கலாம். இரண்டு சின்னப் பிள்ளைகளும் ஒரு வயதானவரும் உள்ள எங்கள் குடும்பத்துக்கு ஓர் ஆசிரியர் போதாது என்று முன்பே சொல்லி இன்னொரு உதவியாளரை வரச் சொன்னோம். கூடுதலாகக் கொடுத்த வெள்ளிக்கு அது தகும்.

கையெழுத்துப் போடச் சொல்லித் தருகிற தாளைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

எத்தனை வயதிலிருந்து பழகலாம்?

இடத்துக்கு இடம் வேறுபடும். தனிப் பலகையில் நிற்க ஏழெட்டு வயது என்பது என் அனுபவத்தில் சரியான வயது. அதற்குக் கீழே இருந்தால் அம்மா அல்லது அப்பா பலகையின் முன்பக்கம் உட்கார வைத்துக்கொள்ளலாம், ஆனால் பெரியவர் முதலில் தனியாக நிற்கப் பழகிய பிறகுதான். பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். என் மகன் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டான், அவன் அப்பா அரை மணி எடுத்தார்.

பெண்கள் என்ன உடுத்துவது? தாலி, வளையல் எல்லாம்?

இதை என்னிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டவர்கள் நிறையப் பேர். வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். கை முழுக்க, கால் முழுக்க மூடுகிற நீச்சல் உடை பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையிலும் கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குகிற பெண்கள் நம் நாட்டில் எங்கும் இருக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வெயிலுக்கும் அதுதான் நல்லது. பருத்திச் சுடிதார், ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனத்துப்போய்க் காலைப் பிடித்து இழுக்கும். துப்பட்டா, முந்தானை மாதிரித் தொங்குகிற எதுவும் கூடாது.

தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் பலர், நானும் அப்படித்தான். கழுத்து மூடிய உடைக்குள் போட்டு, அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிவிட்டேன், அசையவே இல்லை. கனத்த தங்கச் சங்கிலி உள்ளவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வரலாம். வளையல், மோதிரம், கொலுசு, தோடு எல்லாம் கழற்றிவிடுங்கள். கொலுசு லீஷில் மாட்டும். முடியைக் கொண்டை போடாமல் தாழ்வாகப் பின்னிக் கட்டுங்கள். கண்ணாடி போடுபவர்களுக்குப் பின்னால் கட்டுகிற கயிறு வேண்டும், என் கணவரின் கண்ணாடி போர்ட்டிக்சன் கடலுக்குள்தான் இருக்கிறது.

வகுப்பில் என்னதான் நடக்கும்?

முதல் கால்மணி நேரம் மணலில். பலகையைத் தரையில் வைத்து, எங்கே மண்டியிடுவது, எங்கே நிற்பது என்று காட்டுவார்கள். பலகையின் நடுவில் தூக்குவதற்கு ஒரு பிடி இருக்கும், அதன் இரு பக்கமும் உங்கள் பாதங்கள். துடுப்பின் நீளத்தையும் அங்கேயே சரிசெய்துகொள்ள வேண்டும். துடுப்பை நிமிர்த்தி வைத்துக் கையை மேலே தூக்கினால் அதன் தலை உங்கள் மணிக்கட்டு உயரத்துக்கு வரட்டும்.

துடுப்பைப் பிடிப்பதில் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வோம். தட்டு கொஞ்சம் வளைந்திருக்கும், அதைப் பார்த்தால் கரண்டி மாதிரி நம் பக்கம் திருப்பி அள்ளத் தோன்றும். அதற்கு நேர்மாறாகத் திருப்புங்கள், தட்டு முன்பக்கம் சாய்ந்திருக்கட்டும். அப்போதுதான் இழுத்து முடிக்கும்போது தட்டு தண்ணீரைத் தூக்காமல் லேசாக வெளியே வரும். ஒரு கை தலைப்பிடியில், இன்னொரு கை தண்டில். இடப்பக்கம் துடுப்புப் போட்டால் வலக்கை மேலே, பக்கம் மாறும்போது கையும் மாறும்.

அப்புறம் தண்ணீர். தொடை, இடுப்பளவு வந்ததும் மண்டியிட்டு ஏறுவீர்கள். இந்த மண்டியிட்ட நிலையிலேயே பத்து நிமிடம் போய்ப் பழகுங்கள், அவசரமே வேண்டாம். துடுப்பை உங்கள் கால்விரலுக்கும் முன்னால் எட்டிக் குத்தி, தட்டு முழுக்க மூழ்கியபின் இழுத்து, கணுக்காலுக்கு நேராக வந்ததும் வெளியே எடுங்கள். அதற்குப் பின்னால் இழுத்தால் பலகை திரும்பும், முன்னே போகாது. நாலைந்து இழுப்புக்கு ஒரு தடவை பக்கம் மாற்றினால் நேராகப் போகும். திரும்ப வேண்டுமென்றால் துடுப்பை முன்னாலிருந்து அகலமாக அரைவட்டம் போட்டு இழுங்கள்.

நிற்பதுதான் எல்லோரும் பயப்படுகிற இடம். துடுப்பைக் குறுக்காகப் பலகையில் வைத்து இரு கையையும் ஊன்றி, ஒரு பாதம், அடுத்த பாதம் என்று முட்டி இருந்த இடத்தில் வைத்து, மெதுவாக எழுந்திருங்கள். முட்டி லேசாக மடிந்திருக்கட்டும். பார்வை தூரத்தில் இருக்கட்டும், காலைப் பார்த்தால் விழுந்துவிடுவீர்கள்.

இதை ஆசிரியர் சொன்னபோது எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தார். தோளில் வைத்த காண்டா கம்பின் இரண்டு முனையிலும் ரப்பர் பால் வாளி தொங்க, மேடு பள்ளத்தில் ஒரு சொட்டுச் சிந்தாமல் நடப்பார். முட்டி மடிந்து, இடுப்பு மட்டும் ஆடும், தலை ஆடாது, கண் எப்போதும் தூரத்தில். சின்ன வயதில் அவர் பின்னாலேயே நடந்து பார்த்த அந்த நடையை அப்படியே உடம்பில் கொண்டுவந்தேன், நின்றுவிட்டேன். நம் வீட்டுப் பெரியவர்கள் தினமும் செய்த வேலையில் இருந்த அந்தச் சமநிலை எவ்வளவு பெரிய திறமை என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. அத்தையிடம் சொன்னேன், அவரும் பால் எடுத்தவர்தான், ஒன்றும் பேசாமல் சிரித்தார்.

நின்றதும் துடுப்பை உடனே தண்ணீரில் போடுங்கள். சும்மா நிற்பதைவிடப் போய்க்கொண்டே இருப்பது எளிது, சைக்கிள் மாதிரி.

விழுவோமா?

விழுவீர்கள். பலகையிலிருந்து விலகி, பக்கவாட்டில், உடம்பைப் பரப்பி, உட்காருகிற மாதிரித் தண்ணீரில் விழுங்கள். தலைகுப்புறப் பாயவே கூடாது, ஆழம் குறைவான இடத்தில் கழுத்து போய்விடும். பலகையைப் பிடித்துத் தப்பிக்கப் பார்த்தால்தான் முட்டியும் தாடையும் அடிபடும். மேலே வரும்போது ஒரு கை தலைக்கு முன்னால் இருக்கட்டும். திரும்ப ஏற, நடுப் பிடியைப் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பிடித்து, காலைப் பின்னால் நீட்டி உதைத்து, வயிற்றால் சறுக்கி ஏறுங்கள். நிற்பதற்கு முன்னால் இதை மூன்று தடவை வேண்டுமென்றே விழுந்து பழகச் சொன்னார் எங்கள் ஆசிரியர். திரும்ப ஏற முடியும் என்று தெரிந்த பிறகு பயம் பாதி போய்விட்டது.

எடை கூடியவர்கள் ஏறலாமா?

தாராளமாக. பலகையில் எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கும், அகலமான பலகையாகக் கேளுங்கள். 32 அங்குலமும் அதற்கு மேலும் இருந்தால் நிற்க வசதி.

சுகர், முட்டிவலி, பிரஷர் உள்ள பெரியவர்கள்?

முதலில் உங்கள் கிளினிக்கில் டாக்டரிடம் கேளுங்கள். இதயக் கோளாறு, வலிப்பு, சமீபத்தில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் என்றால் அவர் சரி என்று சொல்லாமல் இறங்கக் கூடாது.

சுகர் நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, தண்ணீரில் ஒரு மணி நேரம் உடம்பு உழைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். காலை உணவைத் தவிர்க்காதீர்கள், ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள், இனிப்புப் பானம் ஒன்று கரையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்னொன்று கால். நாள்பட்ட சுகரில் பாதம் மரத்துப்போயிருந்தால் சிப்பி கிழித்தாலும் தெரியாது. ரப்பர் அடி வைத்த தண்ணீர்க் காலணி கட்டாயம், வெளியே வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

முட்டிவலி உள்ளவர்கள் மண்டியிட வேண்டாம். என் அத்தை கடைசி வரை நிற்கவே இல்லை. பலகையின் நடுவில் கால் இரண்டையும் இரு பக்கமும் தொங்கவிட்டு உட்கார்ந்து, துடுப்பைக் குறைத்துப் பிடித்து, உதவியாளர் பக்கத்திலேயே நடந்துவர, கரையோரமாக முழு வளைவும் போய்வந்தார். உட்கார்ந்து போவதும் போவதுதான்.

சாப்பிட்டுவிட்டுப் போகலாமா?

ஒரு மணி நேரம் முன்னால் லேசாக. இரண்டு வாழைப்பழம், ரொட்டி, மைலோ போதும். நாசி லெமாக், ரொட்டி சானாய் எல்லாம் வெளியே வந்த பிறகு. ஒட்டுக்கடையில் பிள்ளைகள் சாப்பிட்ட அளவைப் பார்த்து எனக்கே ஆச்சரியம், அவ்வளவு பசிக்கும். தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள்.

வெயில்? நமக்குத்தான் கறுப்புத் தோல் ஆயிற்றே?

நமக்கும் எரியும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், தண்ணீரும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கிரீமை 20 நிமிடம் முன்பே தடவி, காது மடல், கழுத்துப் பின்பக்கம், பாதத்தின் மேற்பக்கம் இவற்றையும் விட்டுவிடாதீர்கள். பாதத்தை எல்லோரும் மறப்பார்கள்.

ஜெல்லி மீன் கடித்தால்?

வெளியே வந்துவிடுங்கள். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, சிறுநீர் ஊற்றுவது என்பது வெறும் பேச்சு. வினிகரைக் குறைந்தது 30 விநாடி ஊற்றி, ஒட்டியிருக்கிற இழையை இடுக்கியால் எடுங்கள். மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால், வலி தாங்க முடியாமல் போனால் உடனே அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள். ஒரு சின்ன பாட்டில் வினிகர் எங்கள் பையில் எப்போதும் இருக்கிறது. முழுக்க மூடிய உடை இதற்கும் உதவும்.

காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது?

நிற்காதீர்கள், உடனே மண்டியிடுங்கள். அப்படியும் நகர முடியவில்லை என்றால் துடுப்பை நெஞ்சுக்கு அடியில் வைத்து, குப்புறப் படுத்துக் கையால் வலியுங்கள், காற்றுக்கு உங்கள் உடம்பு அகப்படாது. முடியாமல் போனால் கையை உயர்த்தி ஆட்டி உதவி கேளுங்கள். என்ன ஆனாலும் பலகையை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தப் பார்க்காதீர்கள். பலகையில் இருக்கிறவரை மீட்பவர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்கள், தண்ணீரில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே, படுக்கையில் பாய் போட்டு, நடித்துக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

எல்லோரும் இறங்கிவிட்டால் பையை யார் பார்ப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்ட எல்லோரும் பெண்கள். ஒரு ஆண்கூடக் கேட்கவில்லை. நான் பத்துப் பன்னிரண்டு வருடம் போர்ட்டிக்சன் கடற்கரையில் பாய் விரித்து, செருப்பும் பையும் போனும் காத்துக்கொண்டு, பொரித்த மீஹூனைக் காக்காயிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கடலில் சிரிக்கிற சத்தம் கேட்கும், நாம் கை காட்டுவோம், அவ்வளவுதான் நம்முடைய விடுமுறை.

அதனால் இதைக் கொஞ்சம் கோபத்தோடே சொல்கிறேன். பையை அறையில் வையுங்கள். கார் சாவியையும் ஒரே ஒரு போனையும் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கடையில் ஒப்படையுங்கள், வகுப்பு நடத்துகிற இடங்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் உதவியாளரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அன்றைக்கு ஒருநாள் கடையில் சாப்பிடட்டும். யாராவது ஒருவர் கரையில் இருந்தே ஆக வேண்டும் என்றால், அது பிள்ளைகளைக் கண்காணிக்கத்தான் இருக்க வேண்டும், அதையும் கணவனும் மனைவியும் அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது ‘பிள்ளைங்க ரெண்டு பேருக்கு மட்டும்’ என்று சொல்லாமல் உங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள், அக்கா. உங்கள் அம்மா பெயரையும், அத்தை பெயரையும்.

பழகிய பிறகு சொந்தமாக ஒரு பலகை வாங்கலாமா?

மூன்று நான்கு தடவை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்கலாம். காற்றிறக்கிச் சுருட்டினால் மைவி காரின் பின்பக்கத்தில் அடங்கும். கடற்கரைக் கடையில் தொங்குகிற காற்றடித்த விளையாட்டுப் படுக்கைகளை மட்டும் பலகை என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், காற்று அவற்றை நொடியில் கடலுக்குள் கொண்டுபோகும். உப்புத் தண்ணீரிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், காற்று நிறைந்த பலகையை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். நாங்கள் இன்னும் வாங்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் இன்னொரு தடவை போவதாக இருக்கிறோம். அத்தை இந்தத் தடவை நின்று பார்க்கிறேன் என்கிறார், அவருடைய முட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.